ஒரே பெட்டி

நைரோபியில் பெண் கேட்டு வந்த முசிலா விடைபெற எழுந்தான். வாசல் கதவு திறக்கவில்லை. கரண்ட் போய் வந்ததில் மின் பூட்டு, விளக்கு, கேட் எல்லாமே ஒருசேர மக்கர் செய்தன.

"ஒவ்வொண்ணும் ஒவ்வொரு கம்பெனி, தம்பி. தனித்தனியா நல்லாத்தான் இருந்துச்சு," என்றார் பெண்ணின் அப்பா கிலோன்சோ, சுவரில் மாட்டியிருந்த கன்ட்ரோல் பெட்டியைக் காட்டி. "வீட்டு ஓனர் எவனையோ விட்டு எல்லாத்தையும் இந்த ஒரே பெட்டியில கோத்துட்டாரு. அந்த அரைவேக்காடு மட்டும் என் கையில கிடைக்கட்டும்."

முசிலா குனிந்து ஷூ லேஸைக் கட்டத் தொடங்கினான். தலை நிமிரவில்லை.

"பெட்டிக்கு அடியில அவன் தன் நம்பரை ஒட்டியிருக்கான்," என்று போனை எடுத்தாள் அம்மா.

"வேணாம்மா, தானா திறந்துக்கும்," என்றாள் பெண் முவெண்டே, அவசரமாக.

அம்மா கேட்கவில்லை. எண்களை அழுத்தினாள்.

முசிலாவின் சட்டைப்பையில் மணி அடித்தது. ஓடிப்போகவும் வழியில்லை.