மேய்ச்சல் இல்லாத கரடு

இப்போதெல்லாம் ஜனங்களுக்கு எதைப் படம் பிடித்து மாட்டுவது என்ற வெட்கமே இல்லை என்று முனகிக்கொண்டேதான் மாயழகு, மகள் விருமாயியோடு அந்தக் கண்காட்சிக்குள் நுழைந்தார். அடுப்புத் தீயில் வெந்த தன் முதுகை அவள் ஒரு போட்டோக்காரிக்குக் காட்டியிருந்தாள். ஊர் கண்ணில் படாமல் அவர் இத்தனை வருஷம் மூடிவைத்த முதுகு. அந்தப் படத்தைக் கழற்றச் சொல்லத்தான் வந்திருந்தார். வாசலை அடுத்த பெரிய படத்தில், வெடித்து மேடுபள்ளமாய்க் கிடந்த ஒரு கரட்டில் ஆடுகள் ஏறிக்கொண்டிருந்தன. ஆடு மேய்த்தே நரைத்தவருக்குப் பொறுக்கவில்லை.

“எந்தக் கூறுகெட்ட பய இங்கன ஆட்டைப் பத்துனான்? ஒரு புல்லு இல்லையே!”

“அது என் முதுகுப்பா. பொம்மை ஆட்டை மேல நிறுத்திப் பிடிச்சாங்க.”

அவர் கிட்டப் போய் வெகுநேரம் பார்த்தார்.

“குத்துச்சா தாயி?”

“கிச்சுகிச்சு மூட்டுன மாதிரி இருந்துச்சு. நான் சிரிச்ச சிரிப்புல ரெண்டு ஆடு உருண்டுபோச்சு.”

சொல்லும்போதே மறுபடியும் சிரித்தாள். கழற்றச் சொல்லும் பேச்சு அவர் வாய்வரை வந்து நின்றுவிட்டது.

“என்ன இருந்தாலும் அங்க ஆட்டை விட்டிருக்கப்படாது. வெந்த எடம்” என்று சொல்லிவிட்டு, துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு வெளியே நடந்தார்.