பூசணிப் பூ

"வாசல்ல கோலம் இல்லேன்னா சாவு வீடுன்னு தெரிஞ்சுபோயிடும்மா. மார்கழில பாக்கத்தான் வருவாங்க, தையிலதான் முடிப்பாங்க. அதுவரைக்குமாவது போடுங்க" என்றார் வீட்டை விற்றுத்தர வந்த தரகர். மகள் வினோதா இறந்ததிலிருந்து எட்டு மாதமாக வெறிச்சென்று கிடந்த வாசலில், மறுநாள் விடியற்காலைப் பனியில் தையல்நாயகி கோலம் போட்டாள். நடுவில் சாண உருண்டை வைத்து, அதில் ஒரு பூசணிப் பூவையும் செருகினாள். கணவர் சிவக்கொழுந்து பார்த்தார். பூவை எடுக்கக் குனிந்தவர், எடுக்காமலே நிமிர்ந்து உள்ளே போனார்.

எட்டு மணிக்கு வீடு பார்க்கத் தரகரோடு ஒரு தம்பதி வந்தார்கள். அந்த அம்மாள் கோலத்தை மிதிக்காமல் சுற்றி வந்து சிரித்தாள். "பூ வச்சிருக்கீங்களே, கல்யாணத்துக்குப் பொண்ணு இருக்கா?"

தரகர் தரையைப் பார்த்தார். அடுப்படியிலிருந்து தையல்நாயகி சொன்னாள்: "குளிச்சுக்கிட்டிருக்கா. உக்காருங்க, வந்துருவா."

"அப்ப பாத்ரூமைக் கடைசியா பாத்துக்கலாம்" என்று அவர்கள் உட்கார்ந்தார்கள்.

சிவக்கொழுந்து எழுந்து கொல்லைப் பக்கம் போனார். யாருமில்லாத குளியலறைக்குள் நுழைந்து, குழாயைத் திறந்துவிட்டார்.