திட்டு வாங்கியவர்

"இதய ஆபரேஷன்னு நெஞ்சைப் பிளந்தீங்க. இப்போ எலும்பு வரைக்கும் சீழ். மறுபடியும் கத்தியா? அவர் உடம்பு என்னத்துக்கு ஆகும்?"

நோயாளியின் மனைவி கத்தித் தீர்த்தாள்.

"சீழை எல்லாம் சுத்தமா எடுத்துட்டு, பக்கத்துச் சதையை இழுத்து மூடிடுறேன்மா. ஆறிடும்," என்று மட்டும் சொல்லிவிட்டு டாக்டர் வெளியே வந்தார்.

நர்ஸுக்குப் பொறுக்கவில்லை. "ஏன் சார் தினமும் வாங்கிக் கட்டிக்கிறீங்க? முதல் ஆபரேஷனை நான் பண்ணலைன்னு சொல்லிட வேண்டியதுதானே?"

"அது அவங்களுக்கே தெரியும்மா."

"தெரிஞ்சுமா திட்டுறாங்க?"

டாக்டர் களைப்புடன் சுவரில் சாய்ந்துகொண்டார்.

"அதைப் பண்ணின நம்ம ஹார்ட் டாக்டர் அவங்களுக்கு மாப்பிள்ளை. அவரை ஒரு வார்த்தை சொல்லிட்டு, பொண்ணு முகத்துல எப்படி முழிப்பாங்க? அதான் என்கிட்ட கொட்டுறாங்க."