ஹேக் ஆன கை

புது விளையாட்டின் விதிகளைச் சொல்லிக்கொடுத்தது மாடி வீட்டு இலியாஸ். ஆளுக்கொரு கற்பனை வீரன்; பகடையை உருட்டி மோதவிட வேண்டும். குணசீலனின் வீரனுக்கு வலது கை இயந்திரக் கை. சண்டையில் எல்லாச் சுற்றிலும் அவனே ஜெயித்தான். அடுத்தது ஹேக்கிங், எதிராளியின் இயந்திரத்தைத் தன் வசமாக்கும் சுற்று. குணசீலனின் மனைவி மஞ்சரி பகடையை உருட்டினாள். இலியாஸ் புத்தகத்தைப் பார்த்துச் சொன்னார்: "அந்தக் கை இப்ப உங்க கன்ட்ரோலுக்கு வந்துடுச்சு. நீங்களா விடுற வரைக்கும் அசையாது." எல்லோரும் சிரித்தார்கள்.

வீட்டுக்கு வந்து சாப்பிட உட்கார்ந்தபோது குணசீலனின் வலது கை எழவில்லை. இடது கையால் அதைத் தூக்கித் தட்டருகே வைத்துப் பார்த்தான். வைத்த இடத்திலேயே கிடந்தது.

"விளையாட்டுதான் முடிஞ்சுபோச்சே. விடுடி."

"எப்படி விடுறதுன்னு இன்னும் படிக்கலைங்க" என்றாள் மஞ்சரி. "பெரிய புத்தகம். மெதுவாத்தான் படிக்கணும்."

ஒரு ஸ்பூனைக் கொண்டுவந்து அவனுக்கு இடப்பக்கம் வைத்தாள். தன் கன்னத்தில் கன்றிப்போயிருந்த இடத்தை ஒருமுறை தொட்டுப் பார்த்துக்கொண்டாள். வழக்கமாகச் சமையலறை வாசலில் நின்றபடியே சாப்பிடுகிறவள், அன்று தன் தட்டை எடுத்துவந்து அவனுக்கு வலப்பக்கமாக, நெருங்கி உட்கார்ந்தாள்.