ஓட்டையில் திணித்த காகிதம்

ஆலை இயந்திரத்தில் ஒரு கையை இழந்த அன்னக்காமு, நடந்ததையெல்லாம் ஒரு கேசட்டில் பேசி வைத்தாள். யாரும் அழித்துவிடக் கூடாதென்று, கேசட்டின் முதுகிலிருந்த சின்ன பிளாஸ்டிக் பல்லை மிச்சமிருந்த கையால் உடைத்தாள். பல் இல்லாத கேசட்டில் எந்த டேப் ரெக்கார்டரும் பதியாது.

கேசட் ஆலை மேலாளரிடம் சிக்கியது. அவர் பல் இருந்த ஓட்டையில் காகிதத்தை மடித்துத் திணித்து, தன் ரெக்கார்டரில் போட்டு, பதிவு செய்யும் சிவப்புப் பட்டனை அமுக்கினார். அன்னக்காமுவின் குரல்மேல் சினிமாப் பாட்டு ஏறியது.

"அடப்பாவி!" என்று கத்தியது கேசட். "அது பல் இல்லை, காகிதம்னு உனக்குத் தெரியாதா?"

"தெரிஞ்சுது," என்றது ரெக்கார்டர். "நான் என்ன செய்ய? பட்டனை அமுக்கினாங்க, சுத்தினேன்."

"அரை மணி நேரம் அழாம பேசினாளே! ஒரு வார்த்தை மிச்சம் வச்சியா?"

"என்மேல ஏன் எரிஞ்சு விழுறே? பாட்டு நல்லாத்தானே இருக்கு?"

மறுநாள் மேலாளர் பாட்டுக் கேட்கப் பட்டனை அமுக்கியதும், கேசட்டின் நாடா வெளியே பாய்ந்து ரெக்கார்டரின் ரப்பர் உருளையை இறுக்கிச் சுற்றியது. பாட்டு இழுபட்டு, முனகி, நின்றுபோனது.

"ஐயோ, விடு! மூச்சு முட்டுது! ஏன் இப்படிப் பண்றே?"

"நான் என்ன செய்ய?" என்றது கேசட். "பட்டனை அமுக்கினாங்க, சுத்தினேன்."