பத்து எழுத்துச் சொல்

காலை பதினொன்றுக்கு அந்த யார்க்‌ஷர் நூலகத்தில் தொலைபேசி அடித்தால், அது மிஸஸ் ஆக்ராய்ட்தான். ஆங்கிலக் குறுக்கெழுத்துப் புதிரில் மாட்டிக்கொண்டால் அந்த ஊரில் நூலகத்தைத்தான் கேட்பார்கள்.

"கண்ணு, 'வாய் ஓயாதவர்', பத்து எழுத்து. பிடிபடவே இல்ல."

"சாட்டர்பாக்ஸ்," என்றார் நூலகர் டெரிக் வெடுக்கென்று.

"அட! ஆளைப் போய் எதுக்குப் பெட்டிங்கிறாங்க?"

டெரிக் அகராதியைப் புரட்டினார். "நானூறு வருஷம் முன்னாடியே வாய்த்துடுக்கானவங்களைப் பெட்டின்னுதான் திட்டியிருக்காங்க. அதே மாதிரி வந்தது. வச்சிடட்டுமா?"

"எங்க வீட்டுக்காரர் என்னை அப்படித்தான் கூப்பிடுவார். இப்ப கூப்பிட ஆளில்ல..."

"வரிசையில ஆள் நிக்குது மேடம்."

வைத்துவிட்டார். நூலகத்தில் ஈ காக்கை இல்லை. பொழுது போகாமல் உள்ளூர் நாளிதழைப் பிரித்தார். அன்றைய புதிரில் அப்படியொரு குறிப்பே இல்லை.

மறுநாள் இதழில் இருந்தது! அச்சுக்கு வராத குறிப்பு, புதிரைப் போட்டவரைத் தவிர வேறு யாருக்குத் தெரியும்?

பதினொன்றுக்கு மணி அடித்தது.

"கண்ணு, 'மழைக்குப் பிடிப்பது', எட்டு எழுத்து."

ஜன்னலுக்கு வெளியே தெரு முழுக்கக் குடைகள். டெரிக் நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்தார்.

"எனக்கும் பிடிபடலையேம்மா. அவசரமில்ல, பேசிக்கிட்டே யோசிப்போம்."