இடது கை அளவு

மில் விடுதியின் சாப்பாட்டுக் கூடத்து வாசலில் ஒரு வளையம் இருக்கிறது. அதற்குள் இடது கையை நுழைத்தால்தான் தட்டு வரும். புஜம் மெலிந்திருந்தால் சிவப்பு விளக்கு எரியும், சோற்றோடு முட்டையும் வரும். தேறிவிட்டால் பச்சை விளக்கு, வெறும் சோறு. பெண்பிள்ளைகளின் உடம்பை மில் பார்த்துக்கொள்ளும் லட்சணம் இதுதான்.

பத்தொன்பது வயது தவக்கனிக்கு இன்று பச்சை எரிந்தது. நேற்று இயந்திரக் கதவு நசுக்கியதில் அவள் இடது புஜம் புசுபுசுவென்று வீங்கிக் கிடந்தது.

"பரவாயில்லையே, ஒரே ராத்திரியில தேறிட்டியே!" என்றாள் வார்டன், கணினித் திரையிலிருந்து கண்ணை எடுக்காமல்.

"தேறல மேடம், வீங்கியிருக்கு. டாக்டரைக் கூப்பிடுங்க."

"பச்சை எரியுறவளுக்கு எதுக்குடி டாக்டர்? நகரு."

தவக்கனிக்குச் சுர்ரென்று ஏறியது. வலது கையை வளையத்துக்குள் திணித்தாள். சிவப்பு எரிந்தது. முட்டை மட்டும் வரவில்லை.

"அந்தக் கை கணக்குல வராது," என்றாள் வார்டன். "இடது கைதான் சட்டம்."

தவக்கனி வலது கையை விரித்து, வார்டனின் மூக்குக்கு நேரே நீட்டினாள்.

"நான் சோறு திங்கிறது இந்தக் கையாலதான்! வைடி முட்டையை!"